சின்னப் பிள்ளையோடு பாட்டுப் படம்: தியேட்டரா, டிவியா, வளவில் கட்டிய வேட்டியா?

நாலு வயதுப் பிள்ளைக்கு முழு நீள அனிமேஷன் படம் ஒன்றைக் காட்ட வேண்டும். வண்ணம் கொட்டிக் கிடக்கும் படம். பத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. பெற்றவரும் கூடவே உட்கார்ந்து ரசிக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல் பக்கம் இருக்கும் குடும்பத்துக்கு இதில் ஐந்து வழி உண்டு: ஊர்த் தியேட்டர், மதுரை அல்லது திருச்சி மல்டிபிளக்ஸ், வீட்டு டிவி, வளவில் (வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றிய தூண் கூடத்தில்) புரொஜெக்டர், கையில் டேப்லெட். திரை எவ்வளவு பெரிசு, டிக்கெட் எவ்வளவு என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறோம். ஆனால் பாட்டுப் படத்துக்கு முதலில் கேட்க வேண்டியது வேறு. பிள்ளை பாட்டுக்கு எழுந்து ஆட முடியுமா? "அப்பச்சி, அவ ஏன் தனியாப் பாடுறா?" என்று சத்தமாகக் கேட்க முடியுமா? பயந்தால் நிறுத்த முடியுமா? இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கும் வழியே சின்னப் பிள்ளைக்கு நல்ல வழி. அது இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல திரை இருந்தாலும், பிள்ளையை அடக்கி உட்கார வைப்பதிலேயே பெற்றவருக்குப் படம் முடிந்துவிடும்.

வயதுதான் முதல் வடிகட்டி. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி 2 வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 5 வயது வரை பெரியவர் கூட இருக்க ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். 5 முதல் 10 வரை 2 மணி நேரத்துக்குள். அனிமேஷன் பாட்டுப் படம் பெரும்பாலும் 90 முதல் 110 நிமிஷம் ஓடும். ஆக 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரே மூச்சில் முழுப் படம் என்பது அளவுக்கு மிஞ்சியது. இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டுவதுதான் சரி, பிரிக்க முடிவது வீட்டில் மட்டுமே. மூன்று வயதுப் பிள்ளையைத் தியேட்டருக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கள்.

ஊர்த் தியேட்டர்

ஐந்து வயதான பிள்ளைக்கு முதல் தியேட்டர் அனுபவம் உள்ளூரிலேயே இருப்பது நல்லது. பிள்ளை அழுதால் எழுந்து வந்துவிடலாம். பத்து நிமிஷத்தில் வீடு. பாதிப் படத்தில் எழுந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை என்ற நிம்மதி பெற்றவருக்கு இருந்தால், அந்த நிம்மதி பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளூரில் வரும் சிக்கல் காட்சி நேரம். தமிழில் டப் ஆன அனிமேஷன் படத்துக்குச் சிறிய ஊரில் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு காட்சிதான் ஒதுக்குவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய நடிகர் படம் வந்தால் இது இறங்கிவிடும். கூட்டம் இல்லாவிட்டால் காட்சியையே ரத்து செய்வதும் நடக்கும். எனவே ஆன்லைனில் பார்த்ததோடு விடாமல், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தியேட்டருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: காட்சி உறுதியா, தமிழா ஆங்கிலமா, 2டியா 3டியா.

மூன்றாவது கேள்வி மிக முக்கியம். வண்ணத்துக்காகப் பார்க்கும் படத்தை 3டியில் பார்ப்பது வண்ணத்தையே இழப்பது. டிஜிட்டல் சினிமாவில் 2டி படத்துக்கு வெண்திரையின் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தரம். 3டிக்கு வைத்திருக்கும் அளவோ 4.5 தான். கண்ணாடி வெளிச்சத்தைத் தின்றுவிடுவதால் மஞ்சள் மங்கிப் பழுப்பாகும், சிவப்பு இருண்டுபோகும். கண்ணாடி பெரியவர் முகத்துக்குச் செய்தது; ஐந்து வயது மூக்கில் நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். கண்ணாடியைக் கழற்றினால் படம் இரண்டு இரண்டாகத் தெரியும், பிள்ளைக்குத் தலை வலிக்கும். 2டி காட்சி கிடைக்காவிட்டால் அந்த வாரம் போகாமலிருப்பதே மேல்.

மாலைக் காட்சியைவிடக் காலைக் காட்சி நல்லது. மதியத் தூக்க நேரத்தோடு மோதக் கூடாது. படம் 100 நிமிஷம் என்றாலும் விளம்பரம், டிரெய்லர், இடைவேளை எல்லாம் சேர்த்து இரண்டேகால் மணி நேரம் கணக்கு வையுங்கள். காட்சி நேரத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாக உள்ளே போவதில் தவறில்லை. அடிதடி டிரெய்லரும் புகையிலை எச்சரிக்கைக் காட்சியும் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வரும். படத்துக்குப் பயப்படாத பிள்ளைகூட அந்த எச்சரிக்கைக் காட்சிக்கு மிரண்டு அழும். இடைவேளை முடிந்ததும் அது திரும்ப வரலாம் என்பதால், அப்போதும் ஒரு நிமிஷம் வெளியே நின்றுவிட்டு வாருங்கள்.

சீட் எங்கே எடுப்பது? பின்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில், நடுப் பாதையை ஒட்டிய சீட். சுவரை ஒட்டிய ஓர சீட் வேண்டாம், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் சுவரில்தான் இருக்கின்றன. அதற்கு நேர் கீழே உட்காரும் பிள்ளைக்கு ஒரு காதில் மட்டும் சத்தம் இடிக்கும். முன்வரிசையும் வேண்டாம். வேகமாக மாறும் வண்ணக் காட்சி கண்ணை நிறைத்துவிட்டால் சின்னப் பிள்ளைக்குக் கிறுகிறுக்கும். ஒளி வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் வெட்டி வெட்டி அடிக்கும் காட்சிகள் சில பிள்ளைகளுக்கு வலிப்பைத் தூண்டும். குடும்பத்தில் வலிப்பு இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தியேட்டர்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாட்டுப் படத்தில் அதுதான் பாதி. சினிமா ஒலியமைப்பில் ஒரு ஸ்பீக்கரின் உச்சச் சத்தம் 105 டெசிபல் வரை போகலாம். சொந்தக் கருவியில் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்குப்படி 90 டெசிபலில் ஒன்றேகால் மணி நேரத்திலேயே ஒரு வார அளவு தீர்ந்துபோகும். படம் முழுக்க அவ்வளவு சத்தம் இருக்காது. பெரிய பாட்டுகளிலும் கிளைமாக்ஸிலும்தான் ஏறும். அதற்கு, பிள்ளைகள் அளவுக்கு வரும் காது மூடி ஒன்று பையில் இருக்கட்டும். இருபது டெசிபல் அளவுக்குக் குறைக்கும், பாட்டும் கேட்கும். முந்தின வாரமே வீட்டில் மாட்டிப் பழக்கினால்தான் அன்றைக்குத் தலையில் நிற்கும். பஞ்சு வைப்பது பலன் தராது, காதுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

தியேட்டர் பாப்கார்ன் 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. இருட்டில், சிரித்துக்கொண்டே சாப்பிடும்போது மூச்சுக்குழாயில் போய்விடும். முழு வேர்க்கடலைக்கும் இதே விதி. நம் வீட்டுச் சீடையும் அந்தப் பட்டியலில் சேர வேண்டியதுதான். உருண்டையாய், கெட்டியாய், வழுக்கும் பண்டம் அது.

சான்றிதழையும் பார்த்துவிடுங்கள். 2024லிருந்து யுஏ பிரிவு யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரிந்திருக்கிறது. யுஏ 7+ என்றால் ஏழு வயதுக்குக் கீழ் உள்ளே விடமாட்டார்கள் என்று பொருளில்லை. பெற்றவர் யோசித்துக் கூட்டி வரச் சொல்கிறார்கள். ஐந்து வயதுக்கு முதல் படம் என்றால் யு சான்றிதழோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மதுரை, திருச்சி

காரைக்குடியிலிருந்து இரண்டு ஊரும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கார் என்றால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு. போய்வர 180 கிலோமீட்டருக்கு லிட்டருக்குப் பதினைந்து ஓடும் காரில் 12 லிட்டர் பெட்ரோல், அதுவே 1,200 ரூபாயைத் தாண்டும். நான்கு மணி நேரப் பயணமும் இரண்டேகால் மணி நேரக் காட்சியும் சேர்ந்தால் ஆறு வயதுப் பிள்ளையே துவண்டுவிடும். ஒலியும் ஒளியும் பராமரிப்பும் அங்கே நன்றாக இருக்கலாம், காட்சிகளும் அதிகம். ஆனால் ஏழெட்டு வயதுக்கு மேல், வேறு வேலையும் சேர்த்து ஒரு நாள் பயணமாகப் போகும்போதுதான் இது பொருந்தும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்காக மட்டும் போவது வேண்டாம்.

எந்த மொழி

திரைக்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். லீவுக்கு வரும் குடும்பங்களில் சென்னைப் பிள்ளை, சிங்கப்பூர்ப் பிள்ளை, ஊர்ப் பிள்ளை மூன்றும் ஒரே ஜமக்காளத்தில் உட்காரும். பின்னால் ஆயாவும் அப்பத்தாவும். ஆங்கிலத்தில் ஓடினால் பாதிப் பேருக்குக் கதை புரியாது. நான்கு வயதுப் பிள்ளையால் கீழே ஓடும் எழுத்தைப் படிக்க முடியாது என்பதால் சப்டைட்டிலும் உதவாது. எனவே தமிழ் டப்தான்.

ஆனால் தமிழ் டப் என்றால் பாட்டும் தமிழில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சில படங்களில் வசனத்தை மட்டும் மாற்றிப் பாட்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சிலவற்றில் பாட்டையும் புதிதாக எழுதிப் பாடுகிறார்கள்; 2019இல் வந்த ஃப்ரோசன் 2 தமிழ்ப் பதிப்பில் ஸ்ருதி ஹாசன் எல்சாவுக்குப் பேசியதோடு பாடவும் செய்தார். எது எப்படி என்று அறிய, படத்தின் தமிழ்ப் பாட்டுகள் தனியாக வெளிவந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வந்திருந்தால் இரண்டே பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் குளிக்க வைக்கும்போதும் சாப்பாடு ஊட்டும்போதும் போட்டுவிடுங்கள். படத்தில் அந்தப் பாட்டு வரும்போது பிள்ளை முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். தெரிந்த ஆளைத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்துவிட்ட மாதிரி கையை நீட்டும். அதற்காகவே இந்த ஒரு வாரம்.

டப்பிங் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காரைக்குடிக்காரர் ஏ.வி. மெய்யப்பன் 1944இல் கன்னட ஹரிச்சந்திராவைத் தமிழ்க் குரலில் வெளியிட்டார். தமிழில் முதலில் டப் ஆன படமாக அதைச் சொல்வார்கள். அடுத்த வருஷம் ஸ்ரீவள்ளியில் நாயகி ருக்மிணியின் பாட்டுகளுக்கு பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார். பாரதி பாட்டுகள் ஒலித்த நாம் இருவர், காரைக்குடியில் எடுத்து 1947இல் வெளிவந்த படம். வாயசைப்பு ஒன்று, குரல் வேறு என்பதைப் பிள்ளைகள் கவனித்துக் கேட்டால், பெரியவர்கள் சொல்ல ஊருக்குள்ளேயே கதை இருக்கிறது.

வீட்டு டிவி

மூன்று வயதிலிருந்து ஐந்து வரை இதுதான் சரியான இடம். நிறுத்தலாம், பிரிக்கலாம், சத்தத்தைக் குறைக்கலாம். விளக்கைப் போட்டே பார்க்கலாம் என்பதால் பயம் குறைவு.

டிவியில் நடக்கும் பெரிய தவறு தூரம். 43 இன்ச் டிவிக்கு ஆறடி தூரம் போதும். 55 இன்ச்சுக்கு ஏழரை அடி. பழைய வீட்டுப் பட்டாலையில் (பெரிய கூடத்தில்) டிவி ஒரு சுவரிலும் சோபா எதிர்ச் சுவரிலும் இருக்கும். நடுவே பன்னிரண்டு, பதினைந்து அடி. அங்கிருந்து 43 இன்ச் பார்த்தால் படம் கண்ணில் பாதி அளவுக்குச் சுருங்கிவிடும். பிள்ளை தானாகவே எழுந்துபோய் டிவிக்கு இரண்டடியில் நின்றுகொள்ளும். அதைத் திட்டிப் பயனில்லை. சோபாவை விட்டுவிட்டு ஆறடியில் பாய் விரித்துப் பெரியவரும் கீழே உட்காருங்கள்.

அடுத்து ரிமோட். கடையில் வைத்திருந்த 'விவிட்' அமைப்பிலேயே பல வீடுகளில் டிவி ஓடுகிறது. ஓவியர்கள் பார்த்துப் பார்த்து வைத்த வண்ணங்கள் அதில் ஒன்றோடொன்று கலந்து கூசும். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' அமைப்புக்கு மாற்றுங்கள். முதல் ஐந்து நிமிஷம் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று 'மோஷன்' என்று தொடங்கும் பெயரில் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். படம் வினாடிக்கு 24 சட்டகம். கையால் வரைந்த அனிமேஷனில் பல இடங்களில் ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகத்துக்குப் பயன்படுத்துவார்கள். அந்த இடைவெளியை டிவி தானாக இட்டு நிரப்பப் பார்க்கும்போது கை, முடி ஓரங்கள் கிழிந்த மாதிரி தெரியும்.

பாட்டுக்குத் தனி ஸ்பீக்கர் வைப்பது நல்லதுதான். புளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் 150 முதல் 250 மில்லிவினாடி பிந்தி வரலாம். 125ஐத் தாண்டினாலே வாயசைப்பும் பாட்டும் சேரவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆக்ஸ் ஒயரோ, டிவியின் 'எச்டிஎம்ஐ ஏஆர்சி' துளையில் செருகும் ஒயரோ போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வளவில் திரை

ஐந்து வழியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இது. திரை தியேட்டரை நினைவூட்டும், சுதந்திரம் வீட்டுடையது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஆடலாம். ஆனால் செட்டிநாட்டு வீட்டின் அழகான மூன்று விஷயங்கள் இந்த வேலைக்கு எதிராக நிற்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு செய்தால்தான் சரிவரும்.

ஒன்று, சுவர். வெள்ளைச் சுவர்தானே என்று முட்டைப் பூச்சுச் சுவரில் நேராகப் படத்தை விடுவார்கள். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்ந்து இழைத்த அந்தப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னும். புரொஜெக்டர் வெளிச்சம் பரவாமல் ஒரே இடத்தில் பளீரென்று தெறிக்கும். நடுவில் வெள்ளைப் பொட்டு, ஓரமெல்லாம் மங்கல். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பொட்டு வேறு இடத்தில் தெரியும். எனவே துணித் திரைதான்.

இரண்டு, எதிரொலி. கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிப் பூச்சுச் சுவர், தேக்குத் தூண்: சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமில்லை. பாட்டின் ஒரு சொல் முடிவதற்குள் முந்தின சொல் திரும்பி வந்து அதன்மேல் விழும். புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். செய்ய வேண்டியது மாறாக: ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் பிள்ளைகளுக்கு ஐந்தாறடிக்குள் கொண்டு வாருங்கள், சத்தத்தைக் குறையுங்கள். தரையில் இரண்டு ஜமக்காளம் விரியுங்கள். திரைக்கு எதிர்ப்பக்கம் கொடியில் கனமான போர்வை இரண்டு தொங்கட்டும். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் அடித்தொனி மட்டும் உப்பிக் கேட்கும், மூலையைத் தவிருங்கள்.

மூன்று, முற்றத்து வானம். நிலா வெளிச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுநிலாவே கால் லக்ஸுக்குள்தான் (லக்ஸ், ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் தரும், புரொஜெக்டரிலிருந்து திரையில் விழுவதோ நூறு லக்ஸுக்கு மேல். கெடுப்பது இரண்டாங்கட்டில் (வளவுக்குப் பின்பகுதியில்) எரியும் ட்யூப்லைட்டும், எதிர் அறைக் கதவிடுக்கு வெளிச்சமும்தான். பங்கு வீடு என்றால் மற்ற புள்ளிகளிடம் (பங்குக் குடும்பங்களிடம்) முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நேரமும் முக்கியம். ஜூனில் பொழுது சாய ஆறரையைத் தாண்டும், டிசம்பரில் ஆறுக்கு முன்பே. அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் வண்ணம் எழும்பும். ஆகவே கோடை லீவில் சின்னப் பிள்ளைகளுக்கு இது தூக்க நேரத்தோடு இடிக்கிறது. பொங்கல் லீவுதான் தோது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும், முற்றத்தை விட்டுப் பட்டாலைக்குள் போய்விடுங்கள்.

இனித் திரையின் அளவு. 80 இன்ச் படம் 1.77 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். நாலு முழ வேட்டி ஏறக்குறைய 2 மீட்டருக்கு 1.27 மீட்டர். படம் அதில் கச்சிதமாக உட்காரும். 100 இன்ச் என்றால் 2.21 மீட்டர் அகலம், எட்டு முழ வேட்டியை விரிக்க வேண்டும். பருத்தி வேட்டியாக இருக்கட்டும். பட்டுக் கலந்தது மின்னும். ஜரிகைக் கரை படத்துக்குள் வராதபடி பாருங்கள். சின்னக் கரையாக இருந்தாலும் வெளிச்சம் பட்டதும் கம்பியாகத் தெரியும். ஈரம் தெளித்து இஸ்திரி போட்டு, மேல் விளிம்பைக் கம்பு ஒன்றில் சுற்றி கிளிப் போட்டு, அந்தக் கம்பை இரண்டு தூண்களுக்கு நடுவே கயிற்றால் கட்டுங்கள். தேக்குத் தூணில் ஆணி கூடாது. கீழ் விளிம்பிலும் ஒரு கம்பு கட்டினால்தான் காற்றுக்கு ஆடாது; ஆடினால் பாத்திரங்கள் முகம் நெளியும். ஒற்றை வேட்டியில் வெளிச்சம் பாதி பின்பக்கம் போய்விடும். பின்னால் ஒரு கறுப்புத் துணியோ இன்னொரு வேட்டியோ சேர்த்துக் கட்டுங்கள். கறுப்பு வைத்தால் இருண்ட காட்சி ஆழமாகும், வெள்ளை வைத்தால் வெளிச்சம் கூடும். வெளிச்சம் குறைந்த புரொஜெக்டருக்கு வெள்ளை.

புரொஜெக்டர் வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் லூமென்ஸை நம்பாதீர்கள். ஆன்சி லூமென்ஸ், அதாவது தர முறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று கேளுங்கள். நல்ல வெண்திரையில் 80 இன்ச்சுக்குத் தியேட்டர் அளவு வெளிச்சம் வர 265 ஆன்சி லூமென்ஸ் போதும். 100 இன்ச்சுக்கு 415. வேட்டி உண்மையான திரையைவிடக் குறைவாகத்தான் வெளிச்சத்தைத் திருப்பும். எனவே 80 இன்ச்சுக்கு 350, 400 இருப்பது நல்லது. அதற்குமேல் தேவையில்லை. கையில் 200தான் இருக்கிறதென்றால் படத்தைச் சிறிதாக்குங்கள். 60 இன்ச்சில் நல்ல வண்ணம், 100 இன்ச்சில் மங்கலைவிட மேல்.

எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்குக் கருவியின் 'த்ரோ' எண்ணைத் திரை அகலத்தோடு பெருக்க வேண்டும். 1.5 என்றால் 1.77 மீட்டருக்கு 2.65 மீட்டர், ஒன்பதடிக்குக் கொஞ்சம் கீழே. படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தால் நடுப்புள்ளி நாலடியில் வரும். சின்னப் புரொஜெக்டர்கள் பலவும் நேர்கோட்டில் வீசுபவை. நாலடி உயர ஸ்டூலில் திரைக்கு நேராக வையுங்கள். ஜமக்காளம் அதற்கு முன்னால் இரண்டடியில் முடியட்டும். நாலு வயதுப் பிள்ளை மூன்றே கால் அடி உயரம் இருக்கும். ஜமக்காளத்தின் பின்விளிம்பில் எழுந்து ஆடினால் வெளிச்சம் தலைக்கு மேலே போகும், நிழல் விழாது. திரையை நோக்கி ஓடினால்தான் விழும். விழட்டும், அந்த நிழலோடு ஆடுவதும் பிள்ளைக்கு ஒரு பாட்டுதான். லென்ஸை நேராகப் பார்க்க மட்டும் விடக் கூடாது. அதற்காகத்தான் ஸ்டூல் பின்னால். ஒயரைச் சுவரோரமாக விட்டு டேப் ஒட்டுங்கள். படத்தைச் சாய்வு திருத்தும் 'கீஸ்டோன்' வசதியை முடிந்தவரை தொடாதீர்கள், படப்புள்ளிகளையும் வெளிச்சத்தையும் அது வெட்டிவிடும்.

கடைசி நிமிஷத்தில் படுத்தும் ஒன்று உண்டு. போன் திரையைப் புரொஜெக்டருக்கு அனுப்பினால் யூடியூப் வரும். ஓடிடி படம் போட்டால் சத்தம் மட்டும் கேட்டுத் திரை கறுப்பாக நிற்கும். காப்புரிமைப் பூட்டு அப்படி. மலிவான ஆண்ட்ராய்டு புரொஜெக்டருக்குள்ளேயே ஆப் போட்டாலும் பலவற்றில் தெளிவு குறைந்த 480பி படம்தான் கிடைக்கும். டிவி ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகுவதே நிச்சயமான வழி. அதற்குக் கரண்ட் அதன் சொந்த அடாப்டரில் கொடுங்கள். புரொஜெக்டர் யூஎஸ்பியிலிருந்து எடுத்தால் நடுப் படத்தில் அணைந்து எழும். முந்தின நாள் இரவே ஒரு பாட்டு முழுக்க ஓட்டிப் பாருங்கள். கொசுவர்த்திப் புகை லென்ஸ் பக்கம் போகாமல் காற்றின் திசையைப் பாருங்கள், வெளிச்சக் கதிரில் புகை தெரிந்து படத்தைக் கலக்கும்.

கூடத்தில் கொறிக்க வெள்ளைப் பணியாரம், இனிப்புப் பணியாரம். மெத்தென்றிருக்கும், சத்தமும் வராது. ஆத்தங்குடிக் கல்லில் சாக்ஸோடு ஆடினால் வழுக்கும், வெறுங்காலோடு ஆடட்டும்.

டேப்லெட்

இரண்டு பேர் சேர்ந்து பார்க்க இது கருவியே அல்ல. ஒருவர் பார்க்க, மற்றவர் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போது, டவுன்லோடு செய்து வைத்த படத்தில் அரை மணி நேரம் என்றால் சரி. ஹெட்போனுக்குச் சத்தக் கட்டுப்பாடு உள்ளதாகப் பாருங்கள். 85 டெசிபல் என்று போட்டு விற்பவை பல, அதிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும்.

எப்படிப் பிரிப்பது

டிவியோ வளவோ, 5 வயதுக்குக் கீழ் என்றால் இரண்டு நாள். எங்கே நிறுத்துவது என்பதைப் பெரியவர் முன்னாலேயே பார்த்துக் குறித்து வைத்திருக்க வேண்டும். இத்தகைய படங்களில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டும்போது பெரும்பாலும் பிரிவோ இழப்போ வரும். வில்லன் பாட்டும் அந்தப் பக்கம்தான். அங்கே நிறுத்திவிட்டுத் தூங்கப் போட்டால் பிள்ளை அந்தத் துக்கத்தோடு படுக்கும். அதற்கு முன்னால், 45 நிமிஷத்துக்கும் 55 நிமிஷத்துக்கும் இடையில் ஒரு சந்தோஷப் பாட்டு முடியும். அங்கே நிறுத்துங்கள்.

பயக் காட்சி வரும்போது கண்ணை மூடச் சொல்வதைவிடச் சத்தத்தை அணைப்பது வேலை செய்யும். இசையை எடுத்துவிட்டால் வில்லன் வெறும் ஓவியம். "அடுத்து என்ன பாட்டு வரும் சொல்லு?" என்று கேட்டு மடியில் இழுத்துக்கொள்ளுங்கள். கையில் போன் இல்லாமல் இருந்தால்தான் அந்த நொடி கண்ணில் படும். பிள்ளை பாதிப் பாட்டில் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்; நீங்களும் சிரிக்கிறீர்களா என்று சரிபார்க்கும் பார்வை அது.

மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். முந்தின நாள் கடைசியாகக் கேட்ட பாட்டின் முதல் வரிக்குத் திருப்பி அங்கிருந்து ஓட்டுங்கள். மூன்று நிமிஷம் கூடும். ஆனால் கதை எங்கே நின்றதென்று பிள்ளைக்கு நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, அதுவே பாடிக்கொண்டு உள்ளே போய்விடும்.